நாளைக்கும் வரலாம்

எனக்கு வேலை இல்லை என்பது ரொம்ப வருஷம் யாருக்கும் தெரியாமல் இருந்தது. நான் மறைக்கவில்லை. ஆண் ஒருவர் வேலையில்லாமல் வீட்டில் இருந்தால் தெருவுக்கே தெரிந்துவிடும். எதிர்வீட்டுக்காரர் "இன்னிக்கு லீவா சார்?" என்று கேட்டுக் கேட்டே அவரை உள்ளே விரட்டிவிடுவார். பெண் ஒருத்தி இருந்தால் அவள் வீட்டில் இருக்கிறாள், அவ்வளவுதான். அதை யாரும் வேலையின்மை என்று சொல்வதில்லை.

தாம்பரம் சானடோரியத்தில் இருக்கும் ஏற்றுமதி வளாகத்தில், சட்டை தைக்கும் கம்பெனி ஒன்றில் நான் செக்கிங் பிரிவில் இருந்தேன். தைத்து வரும் சட்டையை மேஜையில் விரித்து, காலர், கைப்பட்டி, பொத்தான் துளை என்று வரிசையாகப் பார்க்க வேண்டும். தப்பு இருக்கும் இடத்தில் சின்னதாக ஒரு சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்ப வேண்டும். கல்யாணத்துக்கு முன்னால் சேர்ந்த வேலை. மகள் பிறந்தபோது கொஞ்ச காலம் விட்டு, மறுபடியும் அதே மேஜைக்குப் போனேன். பிறகு ஆர்டர் எல்லாம் வேறு நாட்டுக்குப் போகிறது என்று சொல்லி ஒரு மாதக் கடைசியில் கம்பெனியை மூடினார்கள். எங்களுக்குச் சேர வேண்டியதை ஒழுங்காகத்தான் கொடுத்து அனுப்பினார்கள். யாரையும் குறை சொல்ல வழியில்லை. அப்போது எனக்கு முப்பத்தேழு வயது.

"நல்லதாப் போச்சு, கொஞ்ச நாள் ரெஸ்ட் எடு," என்றார் என் கணவர். அவர் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பில் போடும் பிரிவில் இருக்கிறார். மனசாரத்தான் சொன்னார். நானும் கொஞ்ச நாள் என்றுதான் நினைத்தேன்.

முதல் வருஷம் ஓடி ஓடித் தேடினேன். பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் என்று ஜவுளிக்கடை, மருந்துக்கடை, பள்ளிக்கூட ஆபீஸ், எதையும் விடவில்லை. துணிக்கடைகளில் வாசலிலேயே போர்டு தொங்கும், முப்பது வயதுக்குள் என்று. மற்ற கம்பெனிகளில் கேட்டால், ஹாஸ்டலில் தங்கக்கூடிய சின்னப் பெண்களாகத்தான் எடுக்கிறோம் என்றார்கள். மேற்குத் தாம்பரத்தில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் மட்டும் ஒரு நாள் பழகிப் பார்க்கச் சொல்லி பில் போடும் இடத்தில் நிறுத்தினார்கள். கத்தரிக்காய்க்கு எந்த நம்பரை அழுத்துவது என்று நான் தேடிக்கொண்டிருக்கும்போதே வரிசை வளர்ந்துவிட்டது. பின்னால் நின்ற ஒருவர் கூடையை அப்படியே கீழே வைத்துவிட்டு வெளியே போனார். சாயங்காலம் மேனேஜர் மரியாதையாகத்தான் சொன்னார், "நாங்க போன் பண்றோம் மேடம்." அந்த போனுக்காக நான் காத்திருந்ததை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது. குளிக்கும்போதுகூட அதை ஜன்னல் கட்டையில் வைத்துக்கொண்டு குளித்தேன்.

வருஷம் கூடக் கூட இன்னொரு சிக்கலும் சேர்ந்துகொண்டது. ஒரு கிளினிக்கில் வாசலில் டோக்கன் கொடுக்கும் வேலைக்குப் போயிருந்தேன். அங்கே பொறுப்பில் இருந்த அம்மா கேட்டார், "இத்தனை வருஷம் என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

"வீட்ல இருந்தேன்."

"ஏன், வேலைக்குப் போகலையா?"

யாரும் கொடுக்கவில்லை என்பதுதான் உண்மை. அதை அந்த நாற்காலியில் உட்கார்ந்து சொன்னால் இவரும் கொடுக்க மாட்டார். "பொண்ணு சின்னவளா இருந்தா," என்றேன். அப்போது என் மகள் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள்.

அதற்கப்புறம் தேடுவதே நின்றுபோனது. நிறுத்துவது என்று உட்கார்ந்து முடிவெடுத்ததாக ஞாபகம் இல்லை. மத்தியானத்தில் தூங்கப் பழகினேன். புது ஆட்களிடம் போனில் பேசக் கூச்சம் வந்தது. ஆட்டோவுக்குச் சொல்வதென்றாலும் போனை மகளிடம் நீட்டுவேன். கல்யாண வீடுகளில் யாராவது "நீங்க என்ன பண்றீங்க?" என்று என்னைக் கேட்டால், நான் வாயைத் திறப்பதற்குள் கணவர் "வீட்லதான் இருக்காங்க" என்று சொல்லிவிடுவார். எனக்கு உதவுவதாக நினைத்துக்கொண்டு சொல்வார். நானும் சிரித்துவைப்பேன்.

ரேஷன் கடை வரிசையில்தான் அந்த வேலையைப் பற்றிக் கேள்விப்பட்டேன். எனக்கு முன்னால் நின்ற அக்கா நல்ல உயரம். அதற்கேற்ற குரல். ரயில் பாதைக்கு அந்தப் பக்கத்துத் தெருக்களில் ஒன்றில் இருப்பவர். பல்லாவரத்தில் தோல் கம்பெனியில் இருந்து, அது போன பிறகு வீட்டு வேலை செய்து, பிறகு அதுவும் இல்லாமல் போனதாகப் பக்கத்தில் நின்ற பெண்ணிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"கிராமத்துல நூறு நாள் வேலை கீதுல்ல, அத்த மாரி இப்போ டவுனுக்கும் உட்டுகிறாங்கோ. அல்லா வார்டுலயும் இல்ல. நம்ம வார்டு கீது. போயி கேட்டா குடுத்தே ஆவணும். அதான் ரூல்ஸு."

"யாருக்கு வேணும்னாலும் குடுப்பாங்களா?" என்று நான் பின்னாலிருந்து கேட்டேன். கேட்ட பிறகுதான் கேட்டுவிட்டேன் என்று தெரிந்தது.

அவர் திரும்பி என்னை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார். "நீங்க படிச்சவங்களா?"

"பிளஸ் டூ."

"பரவால்ல. அதுக்காவ ஒண்ணும் வேணாம்னு சொல்ல மாட்டாங்க."

வரிசையே சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

ஆனால் நம்பவில்லை. வேலை என்றால் யாராவது ஒருவர் நம்மைப் பார்த்து, எடைபோட்டு, மனசுக்குப் பிடித்தால் கொடுப்பது என்றுதான் எனக்குத் தெரியும். கேட்டால் கொடுப்பார்கள் என்பது கேலி மாதிரி இருந்தது. இருந்தாலும் ஒரு திங்கட்கிழமை, மகள் கல்லூரிக்குப் போனதும், நல்ல புடவையாக ஒன்றை உடுத்திக்கொண்டு வார்டு ஆபீசுக்குக் கிளம்பினேன். வழியெல்லாம் பதில்களைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். இத்தனை வருஷம் ஏன் வேலைக்குப் போகவில்லை, இப்போது ஏன் போக வேண்டும், வீட்டில் சம்மதித்தார்களா, உடம்பு எப்படி. எல்லாவற்றுக்கும் ஒரு பதில் இருந்தது.

கம்ப்யூட்டர் முன்னால் இருந்த இளைஞர் ஆதாரையும் ரேஷன் கார்டையும் வாங்கிக்கொண்டு தட்ட ஆரம்பித்தார்.

"மண்ணு வேலை, செடி வேலை, சுத்தம் பண்றது, எது வந்தாலும் பண்ணுவீங்களாக்கா?"

"பண்ணுவேன்." அவர் அடுத்த கேள்வி கேட்பார் என்று பார்த்தேன். கேட்கவில்லை. நானாகவே சொன்னேன், "நான் ரொம்ப வருஷமா வேலையில இல்ல."

"அதெல்லாம் இதுல கேக்கல."

"இன்டர்வியூ எப்போங்க?"

அப்போதுதான் திரையிலிருந்து நிமிர்ந்து பார்த்தார். "இன்டர்வியூ எல்லாம் கெடையாதுக்கா. வேலை வேணும்னு கேட்டிருக்கீங்க, ஏத்தியாச்சு. சைட்டு ரெடியானதும் போன் வரும்."

போன் வரும் என்ற வார்த்தை காதில் விழுந்ததும் எல்லாம் வழக்கம்போலத்தான் என்று ஆகிவிட்டது. வெளியே வந்து ஒரு கரும்புச்சாறு குடித்துவிட்டு வீட்டுக்கு நடந்தேன். கணவரிடம்கூடச் சொல்லவில்லை.

அடுத்த வாரம் அடைக்கு அரைத்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. இளம் பெண்ணின் குரல். "அக்கா, நாளைக்குக் காலைல ஏரிக்கரைக்கு வந்துடுங்க. தண்ணி பாட்டில், தலைக்குத் தொப்பி இல்லன்னா துண்டு எடுத்துக்கங்க."

"எந்த நாளைக்கு?" என்று கேட்டேன்.

அந்தப் பெண் காகிதத்தைப் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு, "நாளைக்குத்தான்கா. செவ்வாக்கெழம," என்றாள்.

அன்று சாயங்காலம் கணவரிடம் சொன்னேன். அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டிருந்தார். மாட்டிவிட்டு அங்கேயே நின்றார்.

"மண்ணு அள்ற வேலையா?"

"ஏரி சுத்தம் பண்றது. மண்ணும் இருக்கும்."

கௌரவத்தைப் பற்றிப் பேசுவார், சொந்தக்காரர்களைப் பற்றிப் பேசுவார் என்று எதிர்பார்த்தேன். அதற்கும் பதில் வைத்திருந்தேன். அவர் கேட்டது வேறு. "உன்னால முடியுமா?"

"தெரியல," என்றேன்.

"சரி, போய்ப் பாரு. முடியலன்னா வந்துடு," என்றார். கொஞ்ச நேரம் கழித்து, தன்னுடைய பழைய முழுக்கைச் சட்டை ஒன்றைத் தேடி எடுத்துவந்து கட்டிலில் வைத்தார். வெயிலில் வேலை செய்யும் பெண்கள் புடவைக்கு மேலே அப்படி ஒரு சட்டை போட்டிருப்பதை அவரும் பார்த்திருக்கிறார் போல.

ஏரி எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரம்தான். ஆகாயத்தாமரை மண்டி, தண்ணீர் இருப்பதே தெரியாமல் ஒரு பச்சை மைதானம் மாதிரி கிடந்தது. முப்பது பேருக்கு மேல் இருந்தோம். பெரும்பாலும் பெண்கள். வயதான ஆண்கள் சிலர். ரேஷன் கடையில் பார்த்த உயரமான அக்கா எனக்கு முன்பே வந்து, சேலையை வரிந்து கட்டிக்கொண்டு நின்றார். என்னைப் பார்த்ததும், "அட, பிளஸ் டூ வந்துகினாங்க," என்றார். அந்தப் பெயர் எனக்கு அப்படியே ஒட்டிக்கொண்டது.

போனில் பேசிய பெண்தான் மேற்பார்வை. சிவில் டிப்ளமா படித்தவள், என் மகளைவிட நாலைந்து வயது பெரியவளாக இருக்கலாம். எங்களை வரிசையாக நிற்கவைத்து போனில் படம் எடுத்தாள். அதுதான் வருகைப் பதிவு. பிறகு ஆளுக்கொரு வேலையாகப் பிரித்துவிட்டாள். சிலர் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி ஆகாயத்தாமரையை அறுத்துத் தள்ள, சிலர் கயிறு போட்டு இழுக்க, எங்கள் வரிசை கரைக்கு வரும் சேற்றையும் செடியையும் சட்டியில் வாங்கி மேலே கொண்டுபோய்க் கொட்ட வேண்டும்.

சேற்றுச் சட்டி இவ்வளவு கனக்கும் என்று எனக்குத் தெரியாது. முதல் சில நடை ஒன்றும் தெரியவில்லை. பிறகு கழுத்து உள்ளே இறங்குவது மாதிரி இருந்தது. நாற்றம் வேறு. வெயில் ஏறியபோது விமானப்படைப் பயிற்சி விமானம் ஒன்று தலைக்கு மேலே போனது. எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள் என்று நானும் பார்த்தேன். அடுத்து எனக்குத் தெரிவது, நான் கரையில் ஒரு வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருக்கிறேன், உயரமான அக்கா என் முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டிருக்கிறார்.

"காலைல இன்னா துன்ன?"

"காபி."

"காபி குச்சிட்டு சட்டி தூக்க வந்துகிறா பாரு," என்று எல்லாருக்கும் கேட்கச் சொல்லிவிட்டு, தன் தூக்கிலிருந்து மூடியில் கொஞ்சம் பழையது ஊற்றி நீட்டினார். மோரும் வெங்காயமுமாக இருந்தது. குடித்தேன்.

மேற்பார்வைப் பெண் அவசரமாக நடந்து வருவது தெரிந்தது. சூப்பர் மார்க்கெட் மேனேஜர் வந்ததும் இப்படித்தான். அவள் சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிடுவது நல்லது என்று எழுந்து நின்றேன்.

"மேடம், எனக்கு முடியல. நான் கிளம்பறேன். என் எடத்துல வேற யாரையாவது எடுத்துக்கங்க."

அவளுக்குப் புரியவில்லை. "உங்க எடத்துல வேற யாரையும் எடுக்க முடியாதேக்கா. உங்க பேருல போட்ட வேலை கார்டு உங்களுக்குத்தான்."

"இல்ல, நான் சரியா செய்யல. மத்தவங்களுக்கும் லேட்டாகுது."

"மொத நாளு அப்படித்தான் இருக்கும். இன்னிக்கு நெழல்ல உக்காந்து செடி பையில மண்ணு ரொப்புங்க. நாளைக்கும் வரலாம்க்கா. சாப்ட்டுட்டு வாங்க." சொல்லிவிட்டு அவள் கயிறு இழுப்பவர்களிடம் போய்விட்டாள். எனக்கு ஏதோ சலுகை செய்த மாதிரி முகத்தில் ஒன்றும் இல்லை. அடுத்த வேலையைப் பார்க்கப் போகிறவள் முகம்தான்.

நான் அழுதேன். மற்றவர்கள் மயக்கத்தில் அழுகிறேன் என்று நினைத்திருப்பார்கள். உயரமான அக்கா மட்டும் பக்கத்தில் குந்திக்கொண்டு, "இன்னாத்துக்கு அழுவுற? நானு தோல் கம்பெனில மொத நாளு வாந்தியே எடுத்தேன், தெரியுமா?" என்றார். ரேஷன் கடையில் 'நீங்க' என்று பேசியவர் எப்போது 'நீ'க்கு வந்தார் என்று நான் கவனிக்கவில்லை. அது நன்றாக இருந்தது.

மறுநாள் மூன்று தோசை சாப்பிட்டுவிட்டுப் போனேன். உடம்பு முழுக்க வலி. அதற்கடுத்த நாளும் போனேன். நான் ஒருநாளும் வேகமான ஆளாக ஆகவில்லை, அதைச் சொல்லிவிட வேண்டும். மற்றவர்கள் மூன்று நடை போகும்போது நான் இரண்டு போவேன். அதற்காக உயரமான அக்கா தினமும் கேலி செய்வார். ஆனால் யாரும் என்னைப் போகச் சொல்லவில்லை. போகச் சொல்ல முடியாது என்பது மெல்ல மெல்ல உள்ளே இறங்கியது. காலையில் எழுந்ததும் ஒரு பயம் இருக்குமே, இன்றைக்கு எங்கே யார் முன்னால் நிற்க வேண்டுமோ என்று, அது ஒரு நாள் காணாமல் போயிருந்தது. எந்த நாள் என்று சொல்லத் தெரியவில்லை.

சம்பளம் பேங்கில் விழுந்த அன்று பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. வெள்ளிக்கிழமைச் சந்தைக்குப் பல்லாவரம் போய், யாரையும் கேட்காமல், வீட்டில் வைக்க இடமே இல்லாத ஒரு பெரிய பீங்கான் ஜாடி வாங்கி வந்தேன். கணவர் அதைச் சுற்றி ஒருமுறை நடந்து பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு," என்றார்.

ஏரிக்கரையில் காலையில் நடைபயிற்சிக்கு வருகிறவர்கள் அதிகம். எங்கள் கட்டடத்தில் மாடி வீட்டு அம்மாவும் வருவார் என்று எனக்குத் தெரியும். தலையில் துண்டு, கணவரின் சட்டை, முழங்கால் வரை சேறு. அடையாளம் தெரியாது என்றுதான் நினைத்தேன். ஒரு நாள் அவர் நேராக என் முன்னால் வந்து நின்றுவிட்டார்.

"நீங்களா? ஏதாவது அசோசியேஷன் சேவையா?"

அப்படிச் சொல்லித் தப்பித்திருக்கலாம். ஞாயிற்றுக்கிழமைகளில் டி-ஷர்ட் போட்டுக்கொண்டு ஏரி சுத்தம் செய்ய வருகிறவர்களும் உண்டு. "இல்லைங்க. வேலை," என்றேன். சட்டி தலையில் இருந்ததால் அதற்கு மேல் நின்று பேச முடியவில்லை.

இரண்டு நாள் கழித்து, நான் துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது அந்த அம்மா மொட்டைமாடிக்கு வந்தார். காய்ந்த துணியை எடுக்கிற சாக்கில் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார், "அந்த வேலைக்கு எங்க போய்க் கேக்கணும்?"

"உங்களுக்கா?"

"இவருக்கு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவருடைய கணவர் சாஃப்ட்வேர் கம்பெனி ஆள். எப்போதும் வீட்டில் இருப்பார், வீட்டிலிருந்தே வேலை என்று நாங்கள் எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தோம். அப்படித்தான் அவர்களும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். வேலை போய் இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிறதாம். காலையில் சட்டை மாட்டிக்கொண்டு லேப்டாப்பைத் திறந்துவைத்து உட்கார்ந்திருப்பாராம்.

"அவர் வருவாராங்க?" என்று கேட்டேன்.

"நான் இன்னும் அவர்கிட்ட கேக்கல. நீங்க பண்றதப் பாத்தேன். மொதல்ல எடத்தக் கேட்டு வெச்சுக்கலாம்னு."

அவர் வந்தார். உடனே இல்லை. முதலில் ஒரு நாள் கரைமேல் தூரமாக நின்று பார்த்துவிட்டுப் போனார். சில வாரம் கழித்து, தொப்பியும் முகத்தில் மாஸ்க்குமாக வரிசையில் வந்து நின்றார். உயரமான அக்கா அவரை விட்டுவைக்கவில்லை.

"சார், இன்னா பாத்துகினு நிக்கிற? அந்தக் கயித்தப் புடி. ரெண்டு கையாலயும் புடி, இன்னா செல்போனா அது?"

அவர் பிடித்தார். கையுறை இல்லாமல் பிடித்ததால் முதல் நாளே உள்ளங்கை உரிந்துவிட்டது. மறுநாள் துணி சுற்றிக்கொண்டு வந்தார். அதிகம் பேச மாட்டார். ஆனால் டீ வரும் நேரத்தில் எங்களோடு தரையில் உட்கார்ந்து குடிப்பார். மூன்றாவது வாரமோ என்னவோ மாஸ்க்கைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டார். மூச்சு முட்டுது என்று மட்டும் சொன்னார்.

இரண்டு மாதம் போல எங்களோடு இருந்தார். பிறகு கிண்டி பக்கம் ஒரு சின்ன கம்பெனியில் அவருக்கு வேலை கிடைத்தது. சொல்லிவிட்டுப் போக ஒரு மிக்சர் பொட்டலத்தோடு ஏரிக்கு வந்தார்.

"இன்டர்வியூல, இப்போ என்ன பண்ணிட்டிருக்கீங்கன்னு கேட்டாங்க," என்றார். "ஏரி தூர் வாரிட்டிருக்கேன்னு சொன்னேன்."

"ஐயோ. என்ன சொன்னாங்க?" என்று கேட்டேன்.

"எந்த ஏரின்னு கேட்டாங்க."

உயரமான அக்கா சிரித்த சிரிப்பில் மிக்சர் பாதி கீழே கொட்டிவிட்டது.

மழை ஆரம்பித்ததும் ஏரி வேலை நின்றது. தண்ணீர் ஏறிவிட்டால் இறங்க முடியாது, அது நியாயம்தான். ஆனால் அடுத்த வேலை எப்போது என்று யாரும் சொல்லவில்லை. மழை விட்டு, வெயில் வந்து, பொங்கலும் நெருங்கிவிட்டது. போன் வரவில்லை. பழைய பயம் மெல்லத் தலைகாட்டியது. மத்தியானத்தில் கண் சொக்கியது. அவ்வளவுதான் போல, முடிந்துவிட்டது, இவ்வளவாவது கிடைத்ததே என்று நினைக்க ஆரம்பித்திருந்தேன்.

அப்போது உயரமான அக்கா வீட்டு வாசலில் வந்து நின்றார். பின்னால் இன்னும் ஏழெட்டுப் பேர். "கெளம்பு. ஆபீசுக்குப் போலாம். கேட்டா குடுத்தே ஆவணும்னு சொன்னாங்கல்ல, நாம்ப எங்க கேட்டோம்? வூட்ல குந்திகினு கீறோம்."

போனோம். இந்த முறை உள்ளே ஒரு வயதான அதிகாரி இருந்தார். எல்லாரும் ஒரே நேரத்தில் பேசியதில் அவருக்கு ஒன்றும் புரியவில்லை. கையை உயர்த்தி, "யாராவது ஒருத்தர் சொல்லுங்கம்மா," என்றார். அக்கா என் முதுகில் கைவைத்து முன்னால் தள்ளினார். "பிளஸ் டூ, நீ சொல்லு."

நான் அவர் மேஜையருகே போய் நின்றேன். அப்புறம் சொன்னேன். "சார், நாங்க ஏரில வேலை செஞ்சவங்க. மழை விட்டு ரொம்ப நாளாச்சு. எங்களுக்குத் திரும்ப வேலை வேணும். எல்லாரும் வந்திருக்கோம். பேர் எழுதிக்கங்க." அவ்வளவுதான் பேச்சு. பெரிய வீரம் ஒன்றும் இல்லை. ஆனால் சொல்லி முடித்த பிறகு, நான் கெஞ்சவில்லை என்று எனக்கே தெரிந்தது. ரேஷன் கடையில் அரிசி கேட்கிற குரலில் கேட்டிருந்தேன்.

அவரும் அப்படித்தான் எடுத்துக்கொண்டார். "அனகாபுத்தூர் பக்கம் ஆத்தங்கரைல கன்னு நடற வேலை வருதும்மா. பொங்கல் முடிஞ்சதும். தூரம் பரவாயில்லயா?"

"இன்னா சார் தூரம், பஸ்ஸு கீது," என்றார் அக்கா.

பெயர்களை எழுதிக்கொண்டார். திரும்பி வரும்போது எல்லாருமாக ஒரு கடையில் நின்று போண்டா சாப்பிட்டோம். பொங்கல் கழிந்து சரியாகச் சொன்னபடி போன் வந்தது. இந்த முறை எந்த நாளைக்கு என்று நான் கேட்கவில்லை.

இப்போது அனகாபுத்தூரில்தான் வேலை. அடையாற்றங்கரை ஓரமாகக் குழி வெட்டி, புங்கன், நாவல், மருதம் என்று கன்றுகள் நட்டு, வேலி கட்டி, தண்ணீர் ஊற்றுகிறோம். குழி வெட்டுவது சட்டி சுமப்பதைவிட எனக்குச் சுலபமாக வருகிறது. அங்கே உள்ள பெண்களும் எங்களோடு சேர்ந்துகொண்டார்கள். வெள்ளத்தில் வீட்டுக்குள் தண்ணீர் வந்த கதைகளை அவர்கள் சொல்ல, குழி வெட்டுகிற நேரம் போவதே தெரியாது. நட்டதில் எத்தனை பிழைக்கும் என்று தெரியவில்லை. ஆடுகள் வேறு இருக்கின்றன. இந்த நகர வேலைத் திட்டம் எத்தனை வருஷம் ஓடும் என்றும் எனக்குத் தெரியாது. வருஷம் முழுக்க வேலை இல்லை. இடைவெளி வரும். வந்தால் மறுபடி போய்க் கேட்க வேண்டும். கேட்கலாம் என்பது தெரியும். அதனால் முன்புபோல மனசு அடித்துக்கொள்வதில்லை.

போன வாரம் ஞாயிற்றுக்கிழமை காலையில் விழிப்பு வந்தபோது வெளிச்சம் நன்றாக வந்துவிட்டிருந்தது. அடுப்படியில் கணவர் பாத்திரத்தை உருட்டிக்கொண்டிருந்தார். டீ போடுகிறார். மகள் ஏதோ அதட்டுகிறாள், சர்க்கரை அதிகம் என்று. எழுந்து போய் நானே போட்டிருப்பேன், அந்த வருஷங்களில். எல்லா நாளும் ஒரே நாளாக இருந்தபோது ஞாயிற்றுக்கிழமை மட்டும் படுத்திருக்க எனக்கு என்ன உரிமை என்று தோன்றும். இப்போது முழங்கைகளில் நேற்றைய வலி இருந்தது. நகக்கண்ணில் மண் இருந்தது. லீவு. நான் புரண்டு படுத்துக்கொண்டேன்.

"எழுந்துட்டியா?" என்று அவர் அங்கிருந்தே கேட்டார்.

"இல்ல," என்றேன்.